கேட்டது நாற்பது மீட்டர்

என் அம்மா கொளஞ்சியம்மாள் என்னிடம் கேட்டது நாற்பது மீட்டர். நான் வரைந்து கொடுத்தது அறுநூற்று நாற்பது மீட்டர். அதனால் எங்கள் கீழத்தெருவில் ஒன்பது வீடுகள் இடிபட்டன. எங்கள் வீடும் அதில் ஒன்று. முழுதாக வரையச் சொன்னது தான்தான் என்று அம்மா தெருவில் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு பத்து மாதம் அந்தத் தெருவில் அவளோடு யாரும் பேசவில்லை. போன மார்கழியில் அவள் இறந்துவிட்டாள்.

அம்மா பிறந்தது செட்டிகுளம் பக்கம். வெங்காயக் காட்டில் கூலி வேலை செய்த குடும்பம். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம். கையெழுத்து மட்டும் போடுவாள். பத்தொன்பது வயதில் அப்பாவைக் கட்டிக்கொண்டு, அரியலூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தாள். அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர். நான் ஏழாவது படிக்கும்போது லாரியின் மேலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதன் பிறகு நாற்று நட்டாள். பருத்தி எடுத்தாள். மக்காச்சோளம் ஒடித்தாள். என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தபோது, "சிவில்னா என்ன வேலைடி மணி?" என்று கேட்டாள். "ரோடு, பாலம், வூடு கட்டுறதும்மா" என்றேன். "அப்ப மண்ணு வேலதான? நம்ம வேலதான்" என்றாள். அவளுக்கு அதில் ஒரு நிம்மதி.

நான் பதினோரு வருடமாகப் பெரம்பலூரில் ஒரு சர்வே ஆபீஸில் இருக்கிறேன். நிலத்தை அளந்து கம்ப்யூட்டரில் படம் போடும் வேலை. பெரும்பாலும் மனைப்பிரிவுப் படங்கள்.

நூறு நாள் வேலை வந்ததிலிருந்து அம்மாவுக்கு ஜோடி வீராயி அத்தை. அடுத்த வீடு. அப்பாவுக்குத் தூரத்துத் தங்கை முறை. அம்மா வெட்டுவாள், அத்தை கூடையில் சுமந்து கரையில் கொட்டுவாள். இடுப்பு வலித்தால் மாற்றிக்கொள்வார்கள். ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுப்பார்கள். வெட்டும்போது நடுவில் ஒரு மண்திட்டைத் தொடாமல் விட வேண்டும். எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று அந்தத் திட்டை வைத்துத்தான் அளப்பார்கள். வீராயி அத்தை ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திட்டின் தலையில் இரண்டு கூடை மண்ணை வைத்துத் தட்டிவிடுவாள். ஆழம் அரையடி கூடிவிடும்.

"எடுடி அத. அளக்குற அந்தப் பொண்ணு திட்டு வாங்கும்" என்பாள் அம்மா.

"ஆமா, நீ ஒருத்தி. பள்ளத்துக்குப் பட்டா வாங்கப் போறவ மாதிரி" என்பாள் அத்தை. சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவாள்.

ஒவ்வொரு கோடையிலும் அவர்கள் தூர் எடுத்தது எங்கள் ஊர் வாரியைத்தான். மேற்கே மேட்டுக்காட்டில் பெய்யும் மழை, ஏரிக்கு வந்து சேரும் வழி அது. எங்கள் தெருவின் ஓரமாக வந்து, பள்ளக்காட்டைத் தொட்டுக்கொண்டு போய் ஏரியில் விழும். பள்ளக்காடு பதினேழு ஏக்கர். வெள்ளம் கூடினால் வாரியின் கரை தாண்டித் தண்ணீர் அதில் பரவி நிற்கும். ஐப்பசியிலிருந்து தை வரை நிற்கும். கோரை முளைக்கும். நாரைகள் வந்து இறங்கும். தெருப் பெண்கள் நத்தை பொறுக்குவார்கள், குறவை மீன் பிடிப்பார்கள். பிறகு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏரிக்குள் இறங்கும்.

ஆனால் பதிவேட்டில் பள்ளக்காடு புன்செய். பட்டா நிலம். வருடத்தில் நான்கு மாதம் இங்கே தண்ணீர் நிற்கிறது என்று எழுதப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

2021இல் அதன் சொந்தக்காரர் அமிர்தலிங்கம் அதை விற்றார். சிமென்ட் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு மனைகள் போடுவதற்காக வாங்கினார்கள். எங்கோ சுரங்கத்தில் கழித்துக் கொட்டிய மேல்மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து ஐந்தடி உயர்த்தினார்கள். அம்மா அவரிடம் முப்பது வருடம் வேலை செய்தவள். ரோட்டில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள்.

"ஏங்க, இதுல நின்ன தண்ணியெல்லாம் இனிமே எங்கங்க போவும்?"

"அத அவங்க பாத்துக்குவாங்க கொளஞ்சி. இன்ஜினியருங்கள வெச்சுத்தான செய்யறாங்க, ஒம் பொண்ணு மாதிரி."

அந்த மனைப்பிரிவின் படம் எங்கள் ஆபீஸில் போட்டதில்லை. எங்களிடம் வந்திருந்தால் நானும் அப்படித்தான் போட்டிருப்பேன். பதிவேட்டில் நீர்நிலை இல்லை. எல்லா அனுமதியும் இருந்தது. சுற்றிலும் மதில் எழுப்பியபோது வாரியின் கடைசித் துண்டு மதிலுக்குள் போயிற்று. அதை மூடித் தார் ரோடு போட்டார்கள். அடியில் ஒன்றரை அடி சிமென்ட் குழாய் ஒன்று வைத்தார்கள். அந்தக் குழாய்க்கும் அனுமதி இருந்தது. வாரியில் வரும் வெள்ளத்தில் முப்பதில் ஒரு பங்கைக்கூட அது வாங்காது. இதைக் கணக்குப் போட எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அம்மாவுக்கு அதுகூட ஆகவில்லை. குழாயைப் பார்த்துவிட்டு, "இதுல ஆட்டுக்குட்டி நொழயாது" என்றாள்.

2022 கார்த்திகையில் தண்ணீர் மதிலில் முட்டித் திரும்பித் தெருவுக்குள் வந்தது. முழங்கால் ஆழம். பதினோரு நாள் நின்றது. தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் படுத்தது.

தண்ணீர் வடிந்ததும் அம்மா மனுக் கொடுக்க வேண்டும் என்றாள். எந்த அளவு, எந்த இடம் என்று எழுதவேண்டுமே என்றேன். மதில் கேட்டில் காவலாளி. மனை பார்க்க வேனில் வருகிறவர்களை மட்டும்தான் உள்ளே விடுவான். வேன் அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை புறப்படும். மதியம் பிரியாணி இலவசம். அம்மாவும் வீராயி அத்தையும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பஸ் ஏறி அரியலூர் போய், அந்த வேனில் ஏறி, தங்கள் தெருவிலிருந்து இருநூறு மீட்டரில் இருக்கும் இடத்துக்கு வந்து இறங்கினார்கள்.

விற்பனைக்காரர் வெயிலுக்குக் குடை பிடித்திருக்கிறார். "எந்த ஊரும்மா நீங்க?"

"செட்டிகுளம்" என்றாள் அம்மா. அது பொய் இல்லை.

"எம் பையன் சிங்கப்பூருல இருக்கான் தம்பி. ஊருல ஒரு எடம் வாங்கிப் போடுன்னு உசுர எடுக்குறான்" என்றாள் அத்தை. அவள் மகன் ரெட்டிபாளையத்தில் வெல்டிங் பட்டறையில் இருக்கிறான்.

"கிழக்குப் பாத்த மனை வேணுமா, வடக்குப் பாத்ததா?"

"தண்ணி நிக்காத மனையாக் குடு."

"இங்க தண்ணியே வராதும்மா."

"வராதா?" என்றாளாம் அம்மா. "அப்பச் சரி."

அத்தை அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, அம்மா தார் ரோட்டில் மதிலுக்கு மதில் நடந்து எத்தனை எட்டு என்று எண்ணினாள். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. பின்னால் அத்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"மணி, அம்பத்தி மூணு எட்டு. குறிச்சுக்க. அத மட்டும் எழுதிக் குடு. அதத் தெறந்து வுட்டாப் போதும், தண்ணி பாட்டுக்குப் போயிரும்."

எட்டுக்கு எழுபத்தைந்து சென்டிமீட்டர். நாற்பது மீட்டர். பிறகு கருவி வைத்து அளந்தபோது நாற்பது மீட்டர் முப்பது சென்டிமீட்டர் வந்தது.

நான் அந்த நாற்பதை மட்டும் வரைந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவையும் காட்டும் புலப்படங்களை எடுத்தேன். கிராம வரைபடத்தை எடுத்தேன். மேட்டுக்காட்டுப் பாலத்திலிருந்து ஏரி வரைக்கும் வாரி முழுவதையும் சர்வே எண் எண்ணாகக் கோர்த்தேன். துண்டாகக் கொடுத்தால் மேல் பக்கம் என்ன, கீழ்ப் பக்கம் என்ன என்று கேட்டு இழுப்பார்கள். முழுதாகக் கொடுத்தால் ஒரே தடவையில் முடியும். ஆபீஸில் அப்படித்தான் செய்வோம். இன்னொரு காரணமும் இருந்தது. படம் நன்றாக வந்துகொண்டிருந்தது.

எங்கள் தெருப் பக்கம் வாரியின் அகலம் பதிவேட்டில் பதினான்கு மீட்டர். தரையில் ஐந்து. தெருவின் கிழக்கு வரிசை வீடுகள் அந்தப் பதினான்குக்குள் இருந்தன. நாற்பது வருடத்துக்கு முன்பு, நிலம் இல்லாதவர்களுக்குக் கரையில்தான் இடம் கிடைத்தது. அந்த வீடுகளுக்கு வீட்டு வரி ரசீது இருந்தது. மின்சாரம் இருந்தது. இரண்டு வீடு அரசாங்கத் திட்டத்தில் கட்டியது. அவற்றை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் விரித்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"இது ஏரியா?"

"ஆமா."

"இந்தச் செவப்புக் கோடு?"

"வாரிம்மா."

விரலைக் கோட்டின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். எங்கள் தெருவில் நிறுத்தினாள். "நம்ம வூட்டு மேல போற மாதிரி இருக்குது."

"பேப்பர்ல அப்புடித்தாம்மா இருக்கும்."

"நாங் கேட்டது அந்தக் கடைசித் துண்டு."

"அதுவும் இதுல இருக்குதும்மா. முழுசாக் குடுத்தாத்தான் எடுப்பாங்க."

"ஒனக்குத் தெரியும்" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவளும் வீராயி அத்தையும் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்துச் சர்வேயர் வந்தார். அன்று நானும் லீவு போட்டு வந்திருந்தேன். அவர் என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளந்தார்.

"யாரும்மா இதப் போட்டது? எங்களுக்கு வேலையே வைக்கலியே" என்றார்.

அம்மா என்னைக் காட்டினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

2024 மாசியில் நோட்டீஸ் வந்தது. மதில்காரருக்கும் வந்தது, கிழக்கு வரிசையில் ஒன்பது வீட்டுக்கும் வந்தது. இருபத்தொரு நாள் அவகாசம். எங்கள் வீட்டுச் சுவரில் பின்பக்கச் சமையல் கொட்டகைக்கு முன்னால் சிவப்பு பெயின்டில் கோடு; இடிப்பது அதுவரைக்கும். வீராயி அத்தையின் வீட்டில் கோடு நடுக்கூடத்தில் போயிற்று.

செய்தி கேட்டு நான் போனபோது தெரு முழுக்கக் குழாயடியில் நின்றது.

"நாம கேட்டது மதிலு" என்றாள் வீராயி அத்தை. "எஞ் செவுத்துல வந்து பெயின்டு அடிச்சிருக்கான். முழுசாப் போடுன்னு யாரு சொன்னது?"

அவள் பார்த்தது என்னை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"நாந்தான். எல்லாத்தையும் போடு, அப்பத்தான் ஆபீசுல எடுப்பாங்கன்னு நாந்தான் சொன்னேன். அது என்ன பண்ணும்? சொன்னதப் போட்டுது."

"ஒன் வூடுந்தான போவுது?"

"போவட்டும்."

"அவளுக்கென்ன, போனாப் போவுது. பொண்ணு பெரம்பலூருல மாடியில வெச்சுப் பாத்துக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். வீராயி அத்தை சிரிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குடத்தில் தண்ணீர் பாதிதான் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா அப்புடிச் சொன்ன?"

"நாளக்கி நீ இந்தத் தெருவுக்கு வர வேணாமா? எங்கிட்டன்னா கொஞ்ச நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிருப்பாங்க. அப்புறம் சரியாப் போயிரும்."

"நான் போயி உண்மையச் சொல்லிட்டு வரேன்."

"பஸ்ஸு வருது பாரு" என்றாள்.

நான் பஸ்ஸில் ஏறினேன்.

இருபத்தொரு நாளுக்குள் ஆட்சேபணை எழுதினேன். நாற்பது வருடக் குடியிருப்பு, வரி ரசீது எல்லாம் இணைத்தேன். நிராகரித்துப் பதில் வந்தது. வீடுகள் வாரிக்குள் இருப்பதற்கு ஆதாரமாக என் படத்தின் நகலையே சேர்த்து அனுப்பியிருந்தார்கள். மனைப்பிரிவுக்காரர்கள் அனுமதிக் காகிதங்களோடு நீதிமன்றம் போனார்கள். தடை உத்தரவு வாங்கினார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. நாங்களும் வக்கீல் பிடித்து வழக்குப் போடலாம் என்று எனக்குத் தோன்றியபோது, நாள் கடந்துவிட்டது.

ஆனி மாதம் ஜேசிபி வந்தது. அதற்கு முதல்நாளே அம்மா தன் வீட்டுக் கூரை ஷீட்டை ஆள் வைத்துக் கழற்றிவிட்டாள். ஒன்பதில் முதலில் காலியானது எங்கள் வீடு. அப்படிச் செய்தால் தெரு கொஞ்சம் இறங்கி வரும் என்று நினைத்தாளோ என்னவோ. யாரும் இறங்கி வரவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி, பழைய சுண்ணாம்புக்கல் பள்ளத்தின் ஓரத்தில் மாற்று இடம் கொடுத்தார்கள். நான்கு குடும்பம் போயிற்று. வீராயி அத்தை பாதி வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு தெருவிலேயே இருந்தாள். எங்கள் வீட்டில் மிஞ்சியது சமையல் கொட்டகை. ஏழடி அகலம். அம்மா அதில் இருந்தாள்.

பெரம்பலூருக்குக் கூட்டி வந்தேன். நான்கு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் பையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அங்க போயி என்னம்மா பண்ணப் போற? ஒருத்தரும் பேச மாட்டாங்க."

"பேச மாட்டாங்கன்னா பாக்க மாட்டாங்களா? பாத்துக்கிட்டே இருந்தா எத்தன நாளைக்குப் பேசாம இருப்பாங்க?"

பத்து மாதம் இருந்தார்கள். குழாயடிக்கு அவள் வந்தால் குடங்கள் நகர்ந்து இடம் விடும். பேச்சு நின்றுவிடும். நூறு நாள் வேலையில் வீராயி அத்தை வேறு ஜோடி சேர்ந்துகொண்டாள். அம்மாவோடு சேர ஆள் வரவில்லை. அவளே வெட்டி, அவளே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அவளே கரையேறிக் கொட்டினாள். மற்றவர்கள் முடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது அவள் பள்ளம் பாதி ஆழத்தில் இருக்கும். இதை அவள் சொல்லவில்லை. ஒருநாள் ஆபீஸ் வண்டியில் போகும்போது நானே ரோட்டிலிருந்து பார்த்தேன். வண்டியை நிறுத்தவில்லை.

ஒவ்வொரு தடவை போகும்போதும் இன்றைக்குத் தெருவில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன். போனதும் அம்மா டீ போடுவாள். ஆபீஸ் கதை கேட்பாள். தெருப் பெண்கள் என்னைப் பார்த்து, "எப்ப வந்த மணி?" என்று கேட்பார்கள். என்னிடம் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். சாயங்காலம் பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

கார்த்திகைக் கடைசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. வீடுகளை எடுத்துவிட்டு வாரியைப் பதினான்கு மீட்டருக்கு வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். மேட்டுக்காட்டுத் தண்ணீர் முன்பு வந்ததைவிடச் சீக்கிரமாக, முன்பைவிட மொத்தமாக வந்தது. மதிலுக்கு அடியில் அதே ஒன்றரை அடிக் குழாய். மேலே அகலப்படுத்தி, கீழே அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று முதல் வருட மாணவனுக்குத் தெரியும். இந்த முறை தண்ணீர் இடுப்பளவு வந்தது.

தெரு மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. அம்மாவும் போனாள். ஆனால் குழாயின் வாயைப் பிளாஸ்டிக் பையும் கோரையும் அடைத்துக்கொண்டன. அதை எடுத்துவிடாவிட்டால் அந்தக் கொஞ்ச வழியும் போய்விடும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அரிவாளை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய் அடைப்பை அறுத்து இழுத்துப் போட்டாள். நான்கு நாள். தனியாக. நான் போனில் பேசியபோது, "தண்ணி எறங்கிட்டு இருக்குது" என்று மட்டும் சொன்னாள். காலில் ஷீட்டுத் துண்டு கிழித்ததைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது கண் மஞ்சளாக இருந்தது. கெண்டைக்கால் வலியில் நிற்க முடியவில்லை. அரியலூரில் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர். காலில் காயத்தோடு வெள்ளத்தண்ணீரில் நின்றார்களா என்று கேட்டார். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை.

ஏழாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். "தெருவுல வடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"வடிஞ்சிருச்சும்மா" என்றேன். வடியவில்லை.

"வீராயி வூட்டுக்குள்ள?"

"அங்கயும்."

தலையை ஆட்டினாள். ஒன்பதாம் நாள் காலையில் உயிர் போயிற்று. வயது ஐம்பத்தெட்டு.

தண்ணீர் முதல்நாள்தான் வடிந்திருந்த தெருவுக்குத்தான் கொண்டுவந்தோம். வைக்க வாசல் இல்லை. வீராயி அத்தை தன் தார்ப்பாயை அவிழ்த்து, மிச்சமிருந்த பாதிக் கூடத்தைக் கூட்டி, "இங்க வைங்க" என்றாள். வெந்நீர் போட்டது அவள். குளிப்பாட்டியது அவள். பத்து மாதம் பேசாத பெண்கள் எல்லோரும் அம்மாவின் பெயரைச் சொல்லி அழுதார்கள். யாரும் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. ஏரிக்கரையில் சடங்கு முடிந்து, தெருவுக்கு வந்து சாப்பாடு போட்டோம். எல்லோரும் போன பிறகு வீராயி அத்தை ஒரு கல்லில் உட்கார்ந்து அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, முழுசாப் போடச் சொன்னது அம்மா இல்ல. அம்மா மதிலுக்குள்ள இருக்குறத மட்டுந்தான் கேட்டுச்சு. நானாப் போட்டேன். கோடு வூடுங்க மேல போறதும் எனக்குத் தெரியும்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"பெயின்டு அடிச்ச அன்னிக்கே. அவ என்ன கேட்டான்னு எனக்குத் தெரியாதா? கூடவே கெடந்தவடி நானு."

"தெரிஞ்சா பத்து மாசம் பேசாம இருந்தீங்க?"

அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "எங் கோவத்த யாருகிட்ட காட்டச் சொல்ற? ஒங்கிட்ட காட்டுனா நீ பஸ்ஸு ஏறிப் போயிருவ. மதிலுக்காரங்கிட்ட காட்டுனா கேட்டே தெறக்க மாட்டான். அவதான் தெனமும் எதுத்தாப்புல இருந்தா."

நான் அண்டாவின் மேல் தண்ணீர் ஊற்றினேன். அவளே மறுபடி பேசினாள்.

"தண்ணி வந்த மூணாம் நாளு வாய வுட்டுச் சொல்லிட்டேன் அவகிட்ட. நா பள்ளிக்கூடத்துப் படியில நிக்கிறேன், அவ அரிவாளோட எறங்கிப் போறா. ஏ கொளஞ்சி, யாரு போட்டதுன்னு தெருவுக்கே தெரியும், நீ எதுக்குடி தண்ணியில கெடந்து சாவுற, ஏறி வாடின்னேன்."

"அம்மா என்ன சொன்னுச்சு?"

"நின்னா. திரும்பிப் பாத்தா. எம் பொண்ணு காதுல இது வுழாமப் பாத்துக்க வீராயின்னா. சொல்லிட்டு குழாக்கிட்ட போயிட்டா."

ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். ஒரு தடவை துடைத்தது போதவில்லை போல, மறுபடியும் துடைத்தாள்.

"கூட எறங்கியிருக்கணும் நானு. ரெண்டு பேரா இழுத்திருந்தா சட்டுன்னு முடிஞ்சிருக்கும், அவ்வளவு நேரம் நின்னுருக்க மாட்டா. முழங்காலு வலிக்குதுன்னு பக்கத்துல இருந்தவகிட்ட சொல்லிக்கிட்டு படியிலயே நின்னுட்டேன்" என்றாள். "முழங்காலு ஒண்ணும் வலிக்கல."